ஆயாவின் குரலுக்குப் பழைய பெட்டி போதும்

கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ஐயா, என் மாமனார் கடைக் கணக்கு எழுத வாங்கிய டெல் டெஸ்க்டாப் கராஜில் கிடக்கிறது. மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். தூக்கிப் போடச் சொல்கிறான் மகன். எங்கள் ஆயா பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் சில கேசட்டுகளில் இருக்கின்றன. கப்பலில் வந்த பெரியவரின் நம்பர் போட்ட காகிதம், கல்யாணப் போட்டோக்கள், காவடி வீடியோ எல்லாம் ஆளுக்கொரு போனில் சிதறிக் கிடக்கின்றன. இந்தப் பெட்டியை வீட்டு சர்வராக்கி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க முடியுமா? கரண்ட் பில் ஏறுமா? கரண்ட் போய் வந்தால் தாங்குமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தூக்கிப் போட வேண்டாம், அம்மா. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் அவை இல்லை. அதனால் பெட்டி பழுது என்று ஆகிவிடாது. கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு அந்த ஐ5 தாராளம்.

சர்வர் ஆக்குவதற்கு முன்னால் கேசட்டுகளைக் கவனியுங்கள். அதுதான் அவசரம். போட்டோவைப் பிறகுகூட ஸ்கேன் செய்துகொள்ளலாம், டேப் நாளுக்கு நாள் தேய்கிறது. அந்த டெஸ்க்டாப்பின் முதுகுப்பக்கம் பச்சைத் துளைக்கு அருகில் ஒரு நீலத் துளை இருக்கும். அதுதான் லைன்-இன். இப்போது விற்கிற லேப்டாப்புகளில் பெரும்பாலும் அது கிடையாது, ஆக இந்த வேலைக்கு உங்கள் பழைய பெட்டியே உசத்தி. கேசட் டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து இந்த நீலத் துளைக்கு ஒரு கேபிள் போடுங்கள். இன்டர்நெட்டைக் கழற்றிவிட்டு இருக்கிற விண்டோஸ் 10-லேயே வேலையை முடிக்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும்; அதை மட்டும் வேறு கணினியில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

கேசட்டைப் போட்ட உடனே பிளே பட்டனை அழுத்தாதீர்கள். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த டேப் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை கடைசிவரை முன்னால் ஓட்டி, திரும்பப் பின்னால் சுற்றுங்கள். டெக்கின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டின் வாயில், டேப்புக்குப் பின்னால், சின்னதாக ஒரு கம்பளித் துண்டு தெரியும். அது உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கிக் கேட்கும். திருகாணி வைத்த வேறொரு கேசட்டின் கூட்டைத் திறந்து டேப்பை அதற்குள் மாற்றிவிட்டால் குரல் திரும்பிவிடும்.

பதிவு 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி வரும். எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். ஃபிளாக் வடிவத்தில் சேமித்தால் அளவு ஏறக்குறையப் பாதியாகும், ஒலியில் எதுவும் குறையாது. இரைச்சலை நீக்க ஆசைப்பட்டால் நகலில் நீக்குங்கள். பாட்டுக்கு நடுவே ஆயா இருமியிருப்பார், பேரப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். அதையெல்லாம் வெட்டவே வெட்டாதீர்கள். நம் ஊரில் தமிழ் பேசும் வீடுகள் குறைந்துவிட்டன. கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் புழங்கிய பேச்சு எப்படி இருந்தது என்று நாளை ஒரு பிள்ளை கேட்டால், அந்த இரண்டு நிமிஷப் பேச்சுதான் பதில் சொல்லும்.

இனி சர்வருக்கு வருவோம். பெட்டி பழையதாக இருக்கலாம், ஹார்ட் டிஸ்க் பழையதாக இருக்கக் கூடாது. விண்டோஸில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளில், ரா வேல்யூஸ் என்ற கட்டத்தில், பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எண் தெரிந்தால் அந்த டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பூஜ்ஜியமாகவே இருந்தாலும் அந்த 500 ஜிபி டிஸ்க்கை நம்பி ஆயாவின் குரலை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான்: கோப்புகளுக்குப் புதிதாக ஒரு 2 டிபி டிஸ்க் வாங்குங்கள். சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் நல்லது.

விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் போதும். கருப்புத் திரையில் கட்டளை அடிப்பது சிரமம் என்றால், டெபியன் மீதே கட்டிய ஓபன்மீடியாவால்ட் போடுங்கள். ஒருமுறை நிறுவிவிட்டால் மற்றதை வேறு கணினியின் பிரவுசரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மானிட்டரும் கீபோர்டும் தேவைப்படாது. சம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகக் கோப்புகள் வீட்டிலுள்ள எல்லாக் கணினிக்கும் தெரியும். போன்களிலிருந்து போட்டோ தானாக வந்து சேர இம்மிச், டிவியில் காவடி வீடியோ பார்க்க ஜெல்லிஃபின். மூன்றும் இலவசம். 8 ஜிபி ராமில் இவை ஓடும். இம்மிச் முதல் தடவை எல்லா முகங்களையும் அடையாளம் பார்க்கும்போது மட்டும் பெட்டி நாள்கணக்கில் முனகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஒரு எச்சரிக்கை உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற வடிவத்தில் அமைத்த டிஸ்க்கில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் உயிர்மெய்க் குறி, புள்ளி உட்பட ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். ஆக மொத்தம் 85 குறியீடுகள்தான். 'கொ' என்பதே இரண்டு. விண்டோஸில் ஒரு வாக்கியம் முழுக்கப் பெயராக வைத்திருந்தால் இங்கே நகல் எடுக்கும்போது முரண்டு பிடிக்கும். வருஷத்தை முதலில் போட்டு, யார், எங்கே என்று சுருக்கமாக எழுதுங்கள். யார் யார் என்ற விவரத்தைப் பக்கத்திலேயே ஒரு உரைக் கோப்பில் எழுதிவையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அந்தக் காகிதத்திலுள்ள காலனி நம்பரையும், அதாவது ஒப்பந்தக் கூலியாக வந்த பெரியவருக்குக் கொடுத்த நம்பரையும், மறக்காமல் பதியுங்கள். 1860-இல் மதராஸிலிருந்து டர்பனுக்கு டிரூரோ கப்பல் வந்தது முதல் 1911-இல் ஆள் எடுப்பது நிற்கும்வரை இறங்கியவர்களைக் கப்பல் பட்டியலில் தேட அந்த நம்பர்தான் சாவி.

கரண்ட் விஷயம். சும்மா இருக்கும்போது பெட்டி 35 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். வருஷம் முழுக்க ஓடினால் சுமார் 307 யூனிட். யூனிட் மூன்று ராண்டு என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 920 ராண்டு. இரவும் பகலும் அது விழித்திருக்க வேண்டியதில்லை. டெல் பயாஸில், அதாவது பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரையில், ஆட்டோ ஆன் டைம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குத் தானே எழுந்து, பதினொன்றுக்குத் தானே படுத்துக்கொள்ளும்படி வைத்தால் செலவு கால்வாசிதான்.

கரண்ட் போய் வருவதுதான் நம் ஊருக்கே உரிய சங்கதி. 2023 போல லோட் ஷெடிங் என்ற முறை வைத்த மின்வெட்டு இப்போது இல்லை. ஆனால் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் நின்றபாடில்லை. பெட்டியை ஆன் செய்து எஃப்2 அழுத்தினால் பயாஸ் வரும். பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் ஏசி ரிகவரி என்று ஒரு வரி. அதை பவர் ஆன் என்று மாற்றுங்கள். கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழும். இதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மதர்போர்டில் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி ஒன்று இருக்கிறது. 3 வோல்ட், பத்து வருஷத்துக்கு மேல் ஆன பெட்டியில் அது செத்திருக்கும். செத்தால் கரண்ட் போன ஒவ்வொரு முறையும் நீங்கள் மாற்றி வைத்தது அழியும், தேதி பல வருஷம் பின்னால் ஓடும். பெட்டி எழுந்தாலும் எஃப்1 அழுத்தச் சொல்லித் திரையில் எழுதிக்காட்டிவிட்டு அப்படியே நிற்கும். மானிட்டர் இல்லாத பெட்டியில் அதை யார் பார்ப்பது? சர்வர் செத்துவிட்டது என்று சொல்லி என்னிடம் கொண்டுவரும் பெட்டிகள் பலவற்றில் மாற்ற வேண்டியது அந்த ஒரு பேட்டரிதான். சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். மாற்றிய பிறகு பயாஸில் எல்லாவற்றையும் மறுபடி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்தால் எல்லாம் ஒரே நாளில் போகவும் கூடும். 2022 ஏப்ரல் வெள்ளம் நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சேறு புகுந்த வீடுகளில் ஆல்பங்களும் கணினிகளும் சேர்ந்தே போயின. வெளியில் வைக்கிற ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ வேறு ஊரிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவையுங்கள். தீபாவளிக்கும் சித்திரை வருஷப் பிறப்புக்கும் போகிறபோது புதுப்பித்து வாருங்கள்.

கேள்வி: என் பழைய பெட்டிக்கு 650 விஏ யூபிஎஸ் வாங்கினேன். ஒரு வருஷத்தில் பேட்டரி செத்துவிட்டது. லித்தியம் பேட்டரியை அதில் மாட்டலாமா?
– வாசகர், லெனேசியா

பதில்: மாட்டாதீர்கள். அந்த யூபிஎஸ்ஸின் சார்ஜர் ஈய-அமில பேட்டரிக்காகச் செய்தது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. அதை ஒவ்வொரு முறையும் அடிவரை காலி செய்தால் சீக்கிரம் சாகும். யூபிஎஸ் இருப்பது பெட்டி ஓடிக்கொண்டே இருக்க இல்லை, ஒழுங்காகப் படுக்க அவகாசம் கொடுக்க. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைப் பெட்டியில் செருகி, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) என்ற மென்பொருளைப் போடுங்கள். கரண்ட் போய் ஐந்து நிமிஷத்தில் சர்வர் தானே மூடிக்கொள்ளும்படி வைத்தால் புது பேட்டரி வருஷக்கணக்கில் நிற்கும். உங்கள் பக்கம் கோடையில் மத்தியான இடி கடுமை. சர்ஜ் பிளக் இல்லாமல் எதையும் சுவரில் செருகாதீர்கள்.

வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதையே சர்வராக்குங்கள். அதன் பேட்டரியே யூபிஎஸ். பெரும்பாலும் 15 வாட்டுக்குள் ஓடிவிடும். அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உப்பியிருந்தால் அந்த பேட்டரியை ஒருநாள்கூட மாட்டி வைக்கக் கூடாது.

கேள்வி: கேப்டவுனில் படிக்கிறேன். ஃபீனிக்ஸில் எங்கள் வீட்டு சர்வரை இங்கிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறக்கலாமா, அங்கிள்?
– மாணவர்

பதில்: திறக்காதே, தம்பி. போர்ட் என்பது இன்டர்நெட்டிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவு. குறிப்பாக சம்பாவுக்கு உண்டான 445-ஆம் போர்ட்டை ஒருபோதும் திறக்காதே. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸின் அதே கோப்புப் பகிர்வு வழியாகத்தான். வெளியூரிலிருந்து வீட்டுக்குப் பூட்டிய பாதை போடும் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போடு, அல்லது அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போடு. பல ஃபைபர் கம்பெனிகளும் மொபைல் கம்பெனிகளும் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அங்கே போர்ட் திறந்தாலும் பலன் இல்லை, டெயில்ஸ்கேல் அப்போதும் வேலை செய்யும். அம்மாவின் போனிலும் அதை ஏற்றிக்கொடு. கரண்ட் போனாலும் இன்டர்நெட் நிற்காமல் இருக்க ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று மாட்டு.

கேள்வி: பென்டியம் 4 பெட்டி ஒன்று இருக்கிறது. அதையும் சர்வர் ஆக்கலாமா?
– வாசகர், இசிப்பிங்கோ

பதில்: வேண்டாம். பென்டியம் 4 பெட்டிகள் பெரும்பாலும் 32 பிட். 2025-இல் வந்த டெபியன் 13-ல் 32 பிட் கணினிக்கு நிறுவி கிடையாது. கரண்டும் அதிகம் தின்னும். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மின்னணுக் கழிவைக் குப்பை மேட்டில் கொட்ட இந்த நாட்டில் தடை. மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதில் வீட்டுப் படம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.