மழைக்காலத்தில் கரீபியன் கப்பல் சுற்றுலா போகலாமா? தீவுகளில் இறங்கிச் சுற்ற முடியுமா?

போகலாம். ஆனால் கடற்கரையில் துண்டு விரித்துப் படுப்பதுதான் உங்கள் திட்டம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் போங்கள், காசு கூடப் போனாலும் பரவாயில்லை.

நானும் மனைவியும் போனது ஓர் அக்டோபர் கடைசி வாரம். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கப்பலேறி ஏழு இரவு. செயின்ட் தாமஸ், டொமினிக்கா, பார்படோஸ், கிரெனடா, செயின்ட் லூசியா என்று ஐந்து தீவுகள். அதே அறைக்கு டிசம்பர் கடைசியில் கேட்ட விலையில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட. ஏன் இத்தனை மலிவு என்பது முதல் தீவிலேயே தெரிந்துவிட்டது.

செயின்ட் தாமஸில் டாக்சி என்பது பெரும்பாலும் பக்கங்கள் திறந்த லாரி. பின்னால் வரிசையாக பெஞ்சு போட்டிருப்பார்கள். மழை வந்தால் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிடுவார்கள், அது பாதி மழையைத்தான் தடுக்கும். மலையேறி இறங்கி மேகன்ஸ் பே கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். (அமெரிக்க மண்தான், ஆனால் வண்டி ஓடுவது நம்மூர் மாதிரி இடதுபுறம். நனைந்த நேரத்திலும் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.) ஒரு கொட்டகைக்கு அடியில் இரண்டு மணி நேரம் நின்றோம். அப்போதுதான் அவள் கேட்டாள்: "ஏங்க, சாரல் விழும்போது யாராவது பீச்சுக்குப் போவாங்களா? அருவிக்குல்ல போகணும்?"

அவள் தென்காசிக்காரி. நான் பதில் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அதுதான். மழையில் கெட்டுப்போவது கடற்கரையும், ஸ்நார்க்கலிங்கும் (மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது), படகுச் சவாரியும். அருவி, காடு, குகை, வெந்நீர் ஊற்று இவையெல்லாம் கெடுவதில்லை, சில சமயம் இன்னும் நன்றாகவே இருக்கும். எந்தத் தீவில் எவ்வளவு மழை என்பதையும் பாருங்கள். அங்கே காற்று கிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. டொமினிக்காவில் 1,447 மீட்டர் உயர மலை குறுக்கே நிற்பதால் அது மோதி மேலேறி அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. பார்படோஸ் பவளச் சுண்ணாம்புப் பாறைத் தீவு, பெரிய மலை கிடையாது, அதனால் மழையும் குறைவு. ஒரே வாரத்தில் ஒன்றில் நனைந்தோம், அடுத்ததில் வெயிலில் காய்ந்தோம்.

டொமினிக்காவில் (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்) நாங்கள் பதிந்திருந்தது ஸ்நார்க்கலிங். ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் கலங்கிவிட்டது, ஒன்றும் தெரியாது என்று கப்பல்காரர்களே ரத்து செய்துவிட்டார்கள். பணம் முழுதும் அறைக் கணக்கில் திரும்ப ஏறியது. அதற்குப் பதில் டிராஃபல்கர் அருவி வேனில் இடம் பிடித்தோம்.

தலைநகர் ரோசோவிலிருந்து அரை மணி நேரம் கூட ஆகாது. வழியெல்லாம் பச்சை. ஓட்டுநர் 2017 செப்டம்பர் 18 இரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். மரியா புயல் ஐந்தாம் வகை வேகத்தில், அதாவது இருப்பதிலேயே கடுமையான வகையில், அடித்த ராத்திரி. விடிந்து பார்த்தால் கூரைகளும் இல்லை, மரங்களில் ஓர் இலையும் இல்லை, மலை முழுக்கப் பழுப்பு என்றார். இப்போது பார்த்தால் நம்ப முடியாது.

டிராஃபல்கரில் இரண்டு அருவிகள். உயரமானதை அப்பா என்றும் குட்டையானதை அம்மா என்றும் அந்த ஊரில் சொல்கிறார்கள். நல்ல நாளில் பாறைகளில் இறங்கிப் போகலாமாம். எங்கள் வழிகாட்டி பார்வை மேடையோடு நிறுத்திவிட்டார். வேனில் இருந்த சிலர் முணுமுணுத்தார்கள். அவள் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செவந்து வருதுங்க. குத்தாலமா இருந்தா இந்நேரம் போலீஸ் விசில் ஊதியிருப்பாங்க" என்றாள். பத்து நிமிடம் கழித்து அம்மா அருவி தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. வழிகாட்டி எல்லாரையும் மேலே கிளப்பினார். மழையில் அருவிக்குப் போகச் சொல்கிறேனே தவிர, இறங்காதே என்றால் இறங்காதீர்கள்.

திரும்பும் வழியில் வாட்டன் வேவன் என்ற ஊரில் கந்தக வெந்நீர்த் தொட்டிகள். கழுத்தளவு சுடுதண்ணீர், தலையில் ஐஸ் மாதிரி மழை, மூக்கில் அழுகிய முட்டை வாடை. மொத்தப் பயணத்திலும் இந்த முக்கால் மணி நேரத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் இல்லை. சாயங்காலம் அறைக்கு வந்து பார்த்தால் அவளுடைய வெள்ளி மெட்டி இரண்டும் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தன. கந்தகத்துக்கும் வெள்ளிக்கும் ஆகாது, பள்ளியில் படித்ததுதான், யாருக்கு அப்போது ஞாபகம் வந்தது? கைப்பையில் இருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தேய்த்தாள். பளபளவென்று ஆகிவிட்டது.

பார்படோஸில் ஹாரிசன் குகை. டிராம் வண்டியில் உட்கார்த்தி உள்ளே கூட்டிப்போகிறார்கள், மேலே மழையா வெயிலா என்றே தெரியாது. அன்றைக்கு வெயில்தான், நம் நேரம்.

கிரெனடாவைப் பார்க்கவே இல்லை. காலை ஏழு மணிக்கு கேப்டன் ஒலிபெருக்கியில் அலை பெரிதாக இருக்கிறது, துறைமுகத்துக்குள் நுழைய மாட்டோம் என்றார். இப்படி நடந்தால் கப்பல் கட்டணம் திரும்ப வராது, துறைமுக வரி மட்டும் வரும். அங்கே ஊர் சுற்ற நாங்கள் கப்பல் வழியாகப் பதியாமல் ஓர் உள்ளூர்க்காரரிடம் தனியாகப் பதிந்திருந்தோம். கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப என்று அவர் எழுதித் தந்திருந்தார், சொன்னபடி அனுப்பியும் விட்டார். இப்படி எழுதித் தராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். அதோடு, தனியாகப் போய் வழியில் மண் சரிந்து நீங்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல் வழியாகப் போயிருந்தால் காத்திருக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்து இடமென்றால் தனியாகப் போங்கள், மலைப்பாதை என்றால் விலை கூடினாலும் கப்பல் வழியாகவே போங்கள்.

புயல் பற்றி ஒரு வார்த்தை. அங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் நடுவாக்கில். ஆனால் கணக்குப் பார்த்து வராது. 2024-ல் பெரில் புயல் ஜூலை 1 அன்றே கிரெனடாவின் கரியாக்கூ தீவைப் புரட்டிப் போட்டது. பயணக் காப்பீட்டை டிக்கெட்டோடு சேர்த்தே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு அது பொதுவாகச் செல்லாது.

அறையை நடுக்கப்பலில், கீழ்த் தளத்தில் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. நாங்கள் மலிவுக்கு ஆசைப்பட்டு முன்பக்க மேல்தளம் எடுத்து, இரண்டு இரவு தூக்கமில்லாமல் குமட்டலுக்குப் பச்சை ஆப்பிளும் இஞ்சியும் மென்றோம். காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டு போதும். காந்தக் கொக்கி நாலைந்து எடுத்துப் போங்கள், அறைச் சுவர் இரும்பு, ஈரத்துணியை மாட்டிவிடலாம். அயர்ன் பாக்ஸ் கொண்டுபோனால் தீ விபத்துக்குப் பயந்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் விசாவில் இருப்பவர்கள், திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டும் என்பதால், அது பலமுறை நுழையும் விசாதானா, காலாவதியாகவில்லையா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடைசித் தீவு செயின்ட் லூசியா. தலைநகர் காஸ்ட்ரீஸிலிருந்து சூஃப்ரியேர் என்ற ஊருக்குப் போகும் பாதை கொல்லிமலை வளைவுகளை ஞாபகப்படுத்தியது. புகழ்பெற்ற இரட்டைச் சிகரங்களான பிட்டன்கள் மேகத்துக்குள், அடிவாரம் மட்டும்தான் தெரிந்தது. அஞ்சலட்டையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எரிமலைச் சேற்றுக் குளியலுக்குப் போனோம். அங்கேயும் கந்தகம். இறங்குவதற்கு முன்னால் மெட்டியைக் கழற்றிக் கொடு, பையில் வைக்கிறேன் என்றேன்.

"கறுத்தா கறுக்கட்டும். விபூதி இன்னும் மிச்சம் இருக்கு" என்று சேற்றில் கால் வைத்தாள்.