ஆர்க்டிக்கின் மிக உயரமான மலையில் முதலில் ஏறியது யார்? ஏன் அவ்வளவு தாமதம்?

அந்த மலையின் பெயர் குன்ப்யோர்ன் ஃபியெல்ட். கிழக்கு கிரீன்லாந்தில் இருக்கிறது, உயரம் சுமார் 3,694 மீட்டர். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இதைவிட உயரமானது கிடையாது. முதலில் ஏறியது 1935 ஆகஸ்ட் 16 அன்று. எவரெஸ்டில் 1924லேயே 8,500 மீட்டரைத் தாண்டிவிட்டார்கள். அதில் பாதிகூட இல்லாத இந்த மலைக்கு ஏன் இத்தனை தாமதம் என்றால், இப்படி ஒரு மலைத்தொடர் இருப்பதே வெளியுலகத்துக்கு 1930ல்தான் தெரிய வந்தது.

அந்த வருடம் ஜீனோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு குழுவோடு கிரீன்லாந்து போனார். தலைவருக்கு வயது 23! ஐரோப்பாவிலிருந்து கனடாவுக்கு அந்த வழியாக விமானம் விட முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை. கையோடு கொண்டுபோன ஜிப்சி மாத் குட்டி விமானத்தில் கடற்கரையோரமாக வடக்கே பறந்தபோது, வரைபடத்தில் இல்லாத மலைகள் கண்ணில் பட்டன. இன்று அந்தத் தொடருக்கு அவர் பெயர்தான்.

அந்தக் குழுவில் இருந்த அகஸ்டீன் கோர்ட்டால்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைத் தாண்ட எனக்கு மனசு வராது. விமானப் பாதைக்கு வானிலைத் தகவல் தேவை என்பதால் பனிப்பாளத்தின் நடுவே ஒரு கூடாரம் போட்டு, முறை வைத்து ஆட்களைத் தங்க வைத்தார்கள். 1930 டிசம்பரில் புயலால் பயணம் இழுத்தடித்து, இரண்டு பேருக்குக் காணும் அளவு உணவு அங்கே போய்ச் சேரவில்லை. சரி, நான் தனியாக இருக்கிறேன் என்று கோர்ட்டால்ட் தானாகவே முன்வந்தார். ஐந்து மாதம் இருந்தார். கடைசிச் சில வாரங்கள் வாசலையே பனி மூடிவிட, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்தார். விளக்குக்கும் எண்ணெய் இல்லை. 1931 மே 5 அன்று, பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த காற்றுக் குழாயை வைத்து வாட்கின்ஸ் இடத்தைக் கண்டுபிடித்தார். குழாய்க்குள் குரல் கொடுத்தார், உள்ளேயிருந்து பதில் வந்தது.

அடுத்த வருடமே வாட்கின்ஸ் கயாக் என்ற சிறு படகில் வேட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. வயது 25. 1934ல் மார்ட்டின் லிண்ட்சேயின் குழு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தபோது இந்தத் தொடரை அளந்தது.

1935ல் ஏறப் போனவர்களில் கோர்ட்டால்டும் இருந்தார். அப்படி ஓர் அனுபவத்துக்குப் பிறகும் அதே ஊருக்கு! கூடவே லாரன்ஸ் வேஜர், ஜாக் லாங்லண்ட். இருவரும் 1933 எவரெஸ்ட் குழுவில் இருந்தவர்கள், வேஜர் அங்கே ஆக்சிஜன் இல்லாமலே 8,500 மீட்டருக்கு மேல் போனவர். அவர்கள் வந்த கப்பல் குவெஸ்ட், 1922ல் அண்டார்டிகா பயணங்களுக்குப் பேர்போன ஷாக்கில்டன் உயிர்விட்ட அதே கப்பல். வடக்கிலிருந்து கடல் நீரோட்டம் தள்ளிக்கொண்டு வரும் பனிக்கட்டிகள் அந்தக் கரையை வருடத்தில் பெரும்பகுதி அடைத்துவிடும். கோடையில் கிடைக்கும் சில வாரங்களுக்குள் கப்பல் உள்ளே நுழைந்து, ஆட்கள் பனியாற்றில் ஏறி, மலையையும் முடித்துத் திரும்ப வேண்டும். என்னைக் கேட்டால் இந்த மலையின் உண்மையான கஷ்டம் இதுதான். இரண்டாவது குழு உச்சிக்குப் போகவே 1971 ஆயிற்று.

இப்போது ஐஸ்லாந்திலிருந்து சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குக் கட்டை (ஸ்கீ) பொருத்திய ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானம் பனியாற்றிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அப்புறம் ஸ்கீயில் போய், மேலே செங்குத்தாகும் இடத்தில் காலணியில் கிராம்பான் என்ற இரும்பு முள் பட்டை மாட்டி ஏறுகிறார்கள். பனிப்பிளவுகள் உண்டு, கயிறு கட்டித்தான் போக வேண்டும். மற்றபடி ஆல்ப்ஸில் பழகியவர்களுக்கு நுட்பமாக அவ்வளவு சிரமமில்லை. கூட்டிப்போக விமானம் வர வேண்டிய நாளில் வானிலை மோசமென்றால் கூடாரத்திலேயே காத்திருக்க வேண்டியதுதான். அதற்கென்றே கூடுதலாக உணவும் எரிபொருளும் எடுத்துப் போகிறார்கள்.