கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் ஒப்பந்தம் – கடிதம்

வணக்கம் சார்,

கோவைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கல்லூரிக்குக் கம்பெனிகளோடு 38 எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) இருக்கிறது. பாதி, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முன் அவசரமாகப் போட்டவை. வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களை பஸ்ஸில் ஏற்றிப் போய் ஆலையைச் சுற்றிக்காட்டி, வாசலில் குரூப் போட்டோ எடுத்தால் கணக்கு முடிந்தது. இப்போதுதான் முதல்முறையாக ஒரு பம்ப் கம்பெனி நிஜமான வேலையோடு வந்திருக்கிறது. அவர்களுடைய ஒரு மாடலில் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) சீக்கிரம் அரித்துப்போகிறதாம். காரணம் கண்டுபிடியுங்கள், பணம் தருகிறோம், ஆனால் கட்டுரை எதுவும் வெளியிடக் கூடாது என்கிறார்கள். சக ஆசிரியர் ஒருவர், "காலேஜைக் கம்பெனிக்கு அடகு வைக்கப் போறீங்களா?" என்று கேட்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

38தானா? நான் பேசப் போன ஒரு கல்லூரியில், முதல்வர் அறைக்குப் போகும் நடை முழுக்க எம்ஓயூக்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். டீ வரத் தாமதமானதால் ஒவ்வொன்றாகப் படித்தேன். பல காலாவதியாகியிருந்தன. யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றில்கூட இல்லை. இவற்றைப் பற்றி மேலே சொல்ல எதுவுமில்லை.

உங்கள் பம்ப் கம்பெனி வேறு ரகம். அவர்களுக்குத் தாங்களே தீர்க்க முடியாத ஒரு தலைவலி இருக்கிறது. கூட்டு அங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் உங்கள் நண்பரின் 'அடகு' பயத்தையும் நான் சிரித்துத் தள்ள மாட்டேன். இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு நினைவுக்கு வருவது இன்சுலின்.

1921 கோடையில் டொரண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வகத்தில், பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றை (இன்சுலின் அதில்தான் இருக்கிறது) நாய்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். வருடக் கடைசியில் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் சேர்ந்துகொண்டார். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற, சர்க்கரை நோயால் சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி சரிப்படவில்லை. காலிப் சுத்தப்படுத்திக் கொடுத்த சாறு, ஜனவரி 23 அன்று போட்டது, வேலை செய்தது. பாடப்புத்தகங்கள் இங்கே நிறுத்திக்கொள்கின்றன. எனக்குச் சுவாரசியம் இதற்கு அப்புறம்தான்.

அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியைச் சேர்ந்த க்ளோவ்ஸ் சேர்ந்து தயாரிக்கலாமா என்று முந்தைய டிசம்பரிலேயே கேட்டிருந்தார். டொரண்டோ ஒப்பவில்லை. கன்னாட் என்று அவர்களுக்கே சொந்தமாக மருந்துக் கூடம் இருந்தது, அங்கேயே செய்துகொள்ளலாம் என்ற எண்ணம். சில வாரங்களில் கதை மாறியது. பெரிய அளவில் செய்யப்போனால் சாற்றில் வீரியமே இல்லை. முன்பு தான் எப்படிச் செய்தோம் என்று காலிப்புக்கே பிடிபடவில்லை. வீட்டில் நாலு பேருக்கு அருமையாகச் சாம்பார் வைப்பவரைக் கல்யாணப் பந்திக்கு வைக்கச் சொன்ன கதைதான். என்ன, இங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம் லில்லியோடு கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம். அமெரிக்காவில் லில்லிக்கு மட்டுமே தயாரிக்கும் உரிமை, ஆனால் ஒரே ஒரு வருடத்துக்கு. 'சோதனைக் காலம்' என்றே அதற்குப் பெயர். செய்முறையில் புதிதாகக் கண்டுபிடிப்பதை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வருடம் முடிந்தால் பல்கலைக்கழகம் மற்றவர்களுக்கும் உரிமம் தரலாம்.

லில்லி சும்மா இருக்கவில்லை. அதன் வேதியியலாளர் வால்டன், கரைசலின் அமிலத்தன்மையைக் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் நிறுத்தினால் இன்சுலின் தானே படிந்துவிடுகிறது என்று கண்டார். மருந்து பல மடங்கு சுத்தமானது. இதைச் செய்தது பல்கலைக்கழகம் இல்லை, கம்பெனி ஆள். உடனே அந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு லில்லி விண்ணப்பித்தது, 'ஐலெட்டின்' என்று தனிப் பெயரும் வைத்தது. டொரண்டோவில் சலசலப்பு. ஆனாலும் வருடம் முடிந்ததும் மற்ற கம்பெனிகளுக்கும் உரிமம் போனது. காரணம், மூல காப்புரிமை பல்கலைக்கழகத்திடம் இருந்தது. பான்டிங்கும் பெஸ்ட்டும் காலிப்பும் ஆளுக்கு ஒரு டாலருக்கு அதை எழுதிக் கொடுத்தது பெரிய தியாகமாகத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தியாகம்தான், ஆனால் விவரமான தியாகம். வேறு யாரும் காப்புரிமை வாங்கி வாசலை அடைத்துவிடக் கூடாது என்று அவர்களே வாங்கிப் பல்கலைக்கழகத்தின் கையில் கொடுத்தார்கள். வந்த ராயல்டி ஆராய்ச்சிக்குப் போனது.

இனி உங்கள் இம்பெல்லர். 'வெளியிடவே கூடாது' என்றால் 'எத்தனை நாளுக்கு?' என்று கேளுங்கள். கட்டுரையை முதலில் கம்பெனிக்குக் காட்டுவது, அவர்கள் அறுபது, தொண்ணூறு நாளுக்குள் தொழில் ரகசியம் எது என்று சொல்வது, அதை நீக்கிவிட்டு வெளியிடுவது – இது உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ளதுதான். இதற்கும் ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள். ஃபைனல் இயர் பையன் ஒருவன் ஆறு மாதம் உழைத்துவிட்டு, இன்டர்வியூவில் "என்ன ப்ராஜெக்ட் செய்தாய்?" என்றால் வாயைத் திறக்க முடியாமல் நிற்கக் கூடாது. வரும் பணம் நிர்வாகத்தின் பொதுக் கணக்கில் கரையாமல் உங்கள் லேபுக்கே வரும் என்றும் எழுதி வாங்குங்கள். கம்பெனியோடு பேசுவதைவிட இது கஷ்டம், தெரியும்.

தரமணியில் 2010இல் திறந்த சென்னை ஐஐடியின் ஆய்வுப் பூங்காவில் இடம் பிடிக்கும் கம்பெனிகள் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து 'கிரெடிட்' என்ற புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். உங்கள் முதல்வரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், 38க்கும் ஒரு கணக்கு கேட்டதாக ஆகும்.

அப்புறம், அந்த அரிப்பு பஞ்சு மாதிரிப் பொத்தலாக இருக்கிறதா, கோடு கோடாக இருக்கிறதா? பொத்தல் என்றால் கேவிடேஷன் (தண்ணீரில் குமிழிகள் உண்டாகி உடைந்து உலோகத்தைத் தின்பது), கோடு என்றால் மணல். போர்வெல் பம்ப் என்றால் என் சந்தேகம் மணல் மேல்தான். முடிந்ததும் எழுதுங்கள், ஒப்பந்தம் இடம் கொடுத்தால்.