சந்தேகம் எல்லாம் ‘டவுட்’ ஆகாது

கேள்வி: வெளிநாட்டு மேலாளர் அனுப்பிய அறிக்கையைப் படித்துவிட்டு, ‘ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்’ என்று பதில் எழுதினேன். ‘எந்தக் கணக்கு தவறு?’ என்று காட்டமாகக் கேட்டுவிட்டார். எனக்கு ஒரு வரி புரியவில்லை, அவ்வளவுதான். என் ஆங்கிலத்தில் என்ன பிழை?

பதில்: இலக்கணம் சரிதான். வம்பு செய்தது நம் ‘சந்தேகம்’. புரியாததைக் கேட்பதும் நமக்குச் சந்தேகம், நம்பாமல் இருப்பதும் சந்தேகம். ஆங்கிலேயரின் ‘டவுட்’ இரண்டாவதை மட்டுமே சொல்லும். அதனால் ‘உங்கள் அறிக்கையை நான் நம்பவில்லை’ என்றே அவர் காதில் விழுந்திருக்கிறது. வகுப்பில் ‘டவுட் கேட்பது’ இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன வழக்கு. நமக்குள் பேசும்போது அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளியாருக்கு எழுதும்போது மட்டும் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் வினைச்சொல்லில் இருக்கிறது. ‘அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்’ என்பதை ‘ஐ டவுட் ஹி டுக் இட்’ என்று சொன்னால், ‘அவன் எடுத்திருக்க மாட்டான்’ என்று பொருளாகிவிடும். பழி சுமத்தப் போய் நற்சான்று கொடுத்த கதைதான்! அந்த இடத்துக்கு உரிய சொல் ‘சஸ்பெக்ட்’. வேடிக்கை என்னவென்றால், ஸ்காட்லாந்துக்காரர் ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால், மழை வந்துவிடும் போலிருக்கிறதே என்று கவலைப்படுகிறார். இந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் அஞ்சுவது என்ற பொருளும் இருந்தது, அதன் மிச்சம் இது.

‘நோ டவுட்’ என்பதையும் முழு உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘நோ டவுட் ஹி வில் கம்’ என்றால் பெரும்பாலும் ‘வந்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்’ என்ற அளவுதான். அடித்துச் சொல்ல ‘வித்தவுட் எ டவுட்’ வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் வரும் ‘பி’ எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்தே கிடையாது. ‘துபிதாரே’ என்ற லத்தீன் மூலத்தை நினைவில் வைத்துப் பிற்காலத்துப் படிப்பாளிகள் செருகியது. உச்சரிக்க வேண்டாம்.

மேலாளருக்கு இன்றே ஒரு வரி எழுதிவிடுங்கள். கணக்கில் குறை சொல்லவில்லை, இன்ன பத்தியில் இன்ன வரி விளங்கவில்லை என்று அந்த வரியையே எடுத்துக்காட்டிக் கேளுங்கள். அதில் ‘டவுட்’ வேண்டாம்.