ஜெர்மனியில் கோடைப் படிப்பு: நீலகிரிப் பிள்ளைகள் கேட்டதும் நான் சொன்னதும்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர், வீட்டில் தேயிலை விவசாயம். தாவரவியல் எம்.எஸ்சி. படிக்கும்போது ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துக்குக் காடுகளைப் பற்றிய ஒரு கோடைப் படிப்புக்காகப் போய் வந்தேன். அப்போதிலிருந்து நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுத உதவி செய்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குன்னூர் மாணவி: அக்கா, கோடைப் படிப்பு என்றால் ஏப்ரல், மே லீவில் போய் வந்துவிடலாம்தானே?

முடியாது மா. அவர்களுடைய கோடை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அங்கே வழக்கமான வகுப்புகள் ஜூலைவரை ஓடும், பெரும்பாலான கோடைப் படிப்புகள் ஜூலை, ஆகஸ்டில்தான் வரும், சில செப்டம்பரிலும் உண்டு. அந்த நேரத்தில் இங்கே கல்லூரி திறந்து அடுத்த செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும், அதனால் முதலில் பார்க்க வேண்டியது வருகைப்பதிவை. விண்ணப்பிப்பதற்கு முன்பே துறைத் தலைவரைப் பார்த்து, ஆன் டூட்டி தருவார்களா, இன்டர்னல் தேர்வை எப்போது எழுதலாம் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். இடம் கிடைத்த பிறகு போய்க் கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம். கிரெடிட் பற்றியும் அப்போதே பேசிவிடு. ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அந்தக் கணக்கைச் சொன்னால் கல்லூரியில் மதிப்பிடுவது எளிது.

கூடலூர் மாணவர்: அப்பா பச்சைத் தேயிலை போடுகிறார், வருமான வரிக் கணக்கு எதுவும் இல்லை. விசா கிடைக்குமா அக்கா?

தம்பி, நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு இந்தக் கவலை இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இலையை மட்டும் ஃபேக்டரிக்குப் போடும் சிறு விவசாயியின் வருமானம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி கிடையாது, ஆகவே கணக்குத் தாக்கல் செய்யாமல் இருப்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் விசா அதிகாரிக்கு இது தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இலைப் பணம் வரும் வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், பட்டா, சிட்டா, ஃபேக்டரியில் வாங்கிய ஒரு கடிதம் எல்லாம் வைத்து, எங்கள் வருமானம் எப்படி வருகிறது என்று ஒரு பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் விளக்கியும் எழுதி வைத்தோம். கடைசி நேரத்தில் யாரிடமோ வாங்கி மொத்தமாகக் கணக்கில் போடும் பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும், அதைச் செய்யவே வேண்டாம். உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அது பெரிய பலம்.

மற்றபடி, 90 நாளுக்குள் முடிகிற படிப்பு என்றால் ஷெங்கன் (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான) குறுகியகால விசா, கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், மே மாதம்வரை காத்திருந்தால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. சென்னைக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும், மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் சென்னை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இன்றே ஆரம்பியுங்கள், நமக்குக் கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகம். அப்புறம் ஒன்று, விமானம் ஜூலையில் என்றால் முந்தின நாளே மலை இறங்கிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் எந்த வளைவில் மரம் விழும், எங்கே மண் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: கோவையில் ஒரு கன்சல்டன்சி, இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் குறுகியகாலப் படிப்புகளையும் மொழிப் படிப்புகளையும் இலவசமாகத் தேடலாம், விண்ணப்பம் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே போகும். கோடைப் படிப்புக்கென்று அதே அமைப்பு ஒரு உதவித்தொகையும் தருகிறது, அதற்கு ஜெர்மன் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அந்த ஏஜென்ட்டுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் மொழி வகுப்பில் சேருங்கள், அது உங்களிடமே நிற்கும்.

ஊட்டியிலிருந்து ஒரு அம்மா: பெண்ணைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. குளிருக்கு என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும்?

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, என் அம்மாவும் இதையேதான் கேட்டார். கோட்டிங்கன் மாணவர்களால் நிறைந்த சிறு நகரம், சைக்கிளிலேயே சுற்றி வரலாம், ஜூலையில் ராத்திரி ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். தங்குமிடத்தைப் படிப்பு நடத்துபவர்களே ஏற்பாடு செய்கிறார்களா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். சொந்தமாக அறை தேட வேண்டிய படிப்பு என்றால், முதல் தடவை வெளிநாடு போகும் பிள்ளைக்கு அது வேண்டாம்.

குளிரை விடுங்கள், வெயிலுக்குத் தயாராகச் சொல்லுங்கள். 2019 ஜூலையில் ஜெர்மனியில் 41.2 டிகிரி பதிவானது. பெரும்பாலான வீடுகளிலும் ஹாஸ்டல்களிலும் ஏ.சி. கிடையாது, பல அறைகளில் ஃபேன்கூடக் கிடையாது. ஊட்டியில் வளர்ந்த பிள்ளை கம்பளி ஸ்வெட்டராக அடுக்கிக்கொண்டு போய் அங்கே வேர்த்துக் கொட்டும். பருத்தித் துணி, ஒரு மழைக்கோட்டு, ஒரே ஒரு ஸ்வெட்டர் போதும்.

இன்னொன்று, நம் சோலைக்குள் மழைக்காலத்தில் போனால் அட்டை ஏறும், கொஞ்சம் ரத்தம் போவதோடு சரி. அங்கே காட்டிலும் புல்லிலும் இருக்கிற உண்ணி நோய் பரப்பும். வெளியே போய்த் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பார்த்து, இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் தாமதிக்காமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

மஞ்சூர் மாணவர்: அங்கே போய் அப்படி என்ன கற்றீர்கள்? இங்கே இல்லாத காடா?

நல்ல கேள்வி. கோட்டிங்கனுக்குப் பக்கத்தில் ஹார்ஸ் மலை இருக்கிறது. அதன் உச்சி பிராக்கன், 1,141 மீட்டர், நம் கோத்தகிரியைவிடத் தாழ்வு. நீராவி ரயில் உச்சிவரை போகிறது, நம் மலை ரயில் மாதிரி மீட்டர் கேஜ்தான், ஆனால் பல்சக்கரம் இல்லாமலே ஏறுகிறது. களப்பயிற்சிக்கு அங்கே கூட்டிப்போனார்கள். மலைச்சரிவு முழுக்க, கண் போகிற தூரம்வரை, சாம்பல் நிறத்தில் செத்து நிற்கிற மரங்கள்.

எல்லாம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். உயரமான இடங்களில் அது இயற்கையாகவே வளரும். கீழே பீச் மரக்காடுகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், சுரங்கத்துக்கும் கட்டுமானத்துக்கும் வேகமாக மரம் வேண்டும் என்று ஸ்ப்ரூஸை மட்டும் வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். 2018இல் தொடங்கிய வறட்சியில் அந்த மரங்களுக்குத் தண்ணீர் போதவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் பட்டையைத் துளைக்கிற வண்டைத் தள்ள மரத்துக்குப் போதுமான பிசின் சுரக்காது. வண்டு பெருகிவிட்டது, ஒரே வகை மரம் என்பதால் தடையே இல்லாமல் பரவியது.

அதைப் பார்த்தபோது எனக்கு நம் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும்தான் கண்ணில் நின்றன. இங்கேயும் தோல் பதனிடவும் விறகுக்கும் என்று புல்வெளிமேல் நட்டதுதானே அத்தனையும். ஆனால் ஹார்ஸ் தேசியப் பூங்காவின் பெரும்பகுதியில் அவர்கள் செத்த மரத்தை வெட்டாமல் அப்படியே விடுகிறார்கள், அடியில் பிர்ச்சும் ரோவனும் தானாக முளைத்து வருகின்றன. இதை அப்படியே நீலகிரிக்குக் கொண்டுவர முடியாது என்பதுதான் நான் கற்றதில் பெரியது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், நாம் சும்மா விட்டால் திரும்பச் சீகைதான் வரும், புல்வெளி வராது. இங்கே வெட்டவும் வேண்டும், வெட்டிய பிறகு வருஷக்கணக்கில் நாற்றைப் பிடுங்கவும் வேண்டும், புல்லை நடவும் வேண்டும். இதை வகுப்பில் சொன்னேன், ஒரு மதியம் முழுக்க அதையே விவாதித்தார்கள். நம் ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அங்கே பாடமாகிற அளவுக்குப் பெறுமதி உள்ளது, அதை நம்பிப் போங்கள்.

அரவேணு மாணவி: எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. வகுப்பில் கேலி செய்வார்களா?

மாட்டார்கள் தங்கை. அங்கே பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாவது, மூன்றாவது மொழி. பேசாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் அவர்கள் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், தப்பாகப் பேசுவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பேராசிரியர் சொன்னது ஒத்துவரவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேட்கலாம், அது மரியாதைக் குறைவு இல்லை. நேரம் மட்டும் கவனம். அட்டவணையில் மணிக்குப் பக்கத்தில் சி.டி. என்று போட்டிருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும், எஸ்.டி. என்றால் சரியாக அந்த நிமிடமே.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போகலாம்?

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் சரி. நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பல்கலைக்கழக கேன்டீனில் சைவம் கிடைக்கும், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கி வையுங்கள். நம் ஊர் டீத்தூள் ஒரு பாக்கெட் கொண்டுபோனால் பேச்சுத் துணைக்கு ஆள் தானாகச் சேரும். ஊர் சுற்ற மாதம் 63 யூரோவுக்கு ஒரு டிக்கெட் உண்டு, நாடு முழுக்க உள்ளூர் பஸ், ரயிலில் செல்லும், விரைவு ரயிலில் செல்லாது. அது சந்தா, முந்தின மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும்.

படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை தேடலாமா?

கூடாது. இந்த விசாவில் வேலையும் பார்க்க முடியாது, தங்கவும் முடியாது. ஊர் திரும்பி, முதுகலைக்கோ பிஎச்.டி.க்கோ முறையாக விண்ணப்பியுங்கள்.

மசினகுடி மாணவர்: முதுமலையில் லான்டானா என்ற களைச்செடி பரவுவதைப் பற்றிப் படிக்க ஆசை. விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதுவது?

தம்பி, "சிறு வயதிலிருந்தே இயற்கை பிடிக்கும்" என்று ஆரம்பிக்காதே, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உன் வீட்டுப் பக்கம் மாடு மேயும் இடத்தில் எந்தப் புல் இருந்தது, லான்டானா வந்தபின் எது போனது, மேய்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், இதை முதல் பத்தியில் எழுது. இரண்டாவதில் உனக்கு விடை தெரியாத ஒரே ஒரு கேள்வி. மூன்றாவதில் அவர்கள் பாடத்திட்டத்தில் எந்தப் பகுதி அந்தக் கேள்விக்கு உதவும் என்று பெயர் சொல்லி எழுது. ஒரு பக்கம் போதும். பொங்கலுக்குள் எழுதி எனக்கு அனுப்பு, படித்துச் சொல்கிறேன், திருத்தி அனுப்ப உனக்கும் நேரம் இருக்கும்.