நான்கு பேர் வேகம், பத்துப் பேர் தயக்கம்

கேள்வி: வடசென்னையில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். 2025-ல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி கோப்பை வென்றதைப் பார்த்துவிட்டு, 14 பையன்கள் ரக்பி கற்றுக்கொடுங்கள் என்று வந்தார்கள். ஏழு பேர் ஆடும் செவன்ஸ்தான் பழகுகிறோம். கபடி ஆடிய நான்கு பேர் பிரமாதமாக ஆடுகிறார்கள். மற்றவர்களுக்குப் பந்தே வருவதில்லை. இரண்டு பேர் நின்றுவிடப் பார்க்கிறார்கள். இரண்டு குழுவாகப் பிரித்துவிடலாமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: பிரிக்காதீர்கள் மாஸ்டர். அந்த நான்கு பேருக்குத்தான் முதல் நஷ்டம்.

எப்படி என்றால், வேகமான பையன் தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடுவான். எதிரணி ஆள் அவனைப் பிடித்துக் கீழே சாய்த்துவிட்டால், பந்தை விட்டே ஆகவேண்டும். அந்த நொடியில் நம் ஆள் ஒருவன் அங்கே வந்து சேரவில்லை என்றால் பந்து போய்விடும். தடுப்பு இன்னும் கஷ்டம். பதினைந்து பேர் ஆடும் அதே மைதானத்தை ஏழு பேர் காக்க வேண்டும். ஒருவன் தயங்கி நின்றால் போதும், எதிரணி அந்தப் பக்கமாகத்தான் வரும். இதை அந்த நால்வருக்கும் விளக்கமாகச் சொல்லுங்கள். பந்து கொடுக்காமல் இருப்பது திமிராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கபடியில் ரெய்டுக்குத் தனியாகவே போய்ப் பழகிய பையன்கள் அவர்கள்.

பயிற்சியில், ஆளைச் சாய்க்காமல் கையால் தொட்டாலே போதும் என்று ஆடும் டச் ரக்பியை அதிகமாக ஆடவிடுங்கள். கெட்டிக்காரர்கள் மூன்று பேர் ஒரு பக்கம், புதியவர்கள் ஐந்து பேர் மறுபக்கம். ஆள் கூடுதலாக இருந்தால் புதியவனுக்குப் பந்தைப் பிடித்து, யோசித்து, கொடுக்க நேரம் கிடைக்கும். அந்த மூவருக்கும் வேலை கடினமாகும், சலிப்பு வராது. கலந்து ஆடும்போது, ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வைக்கக்கூடாது என்று விதி போடுங்கள். பந்து தானாகக் கைமாறும்.

டேக்கிள், அதாவது ஆளைப் பிடித்துச் சாய்க்கும் பயிற்சியில் மட்டும் கட்டாயம் பிரியுங்கள், எடையையும் அனுபவத்தையும் பார்த்து ஜோடி சேர்த்து. முதலில் முட்டி போட்டபடி, அப்புறம் நடந்து, அதன் பிறகு ஓடி. நம் ஊர்க் கட்டாந்தரையில் விழுந்து பயந்தவன் திரும்ப வரமாட்டான். வாரத்தில் ஒருநாள் விடிகாலையில் கடற்கரை மணலுக்குக் கூட்டிப்போங்கள். கபடிப் பையன்களிடம் இன்னொன்று: தோளால் இடித்துத் தள்ளும் டேஷ் ரக்பியில் தவறு. கைகளால் சுற்றிப் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே பிடிக்கக்கூடாது. யாருக்காவது தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட அன்றைக்கு அவன் ஆடக்கூடாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

நின்றுவிடப் பார்க்கும் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். ‘நல்லா ஆடு’ என்பதோடு நிறுத்தாமல், ஒருவனிடம் ‘பந்து வைத்திருப்பவனுக்குப் பின்னாலேயே ஓடு, அவன் விழுந்தால் முதல் ஆளாகப் போய் நில்’ என்று ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். அதைச் செய்தால் எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

போட்டி என்று வரும்போது, செவன்ஸில் பாதிக்கு 7 நிமிடம்தான். மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் இருக்கலாம். அந்த இருவரையும் முதல் ஆட்டத்திலேயே, ஸ்கோர் சமமாக இருக்கும்போதே இறக்குங்கள்.