கையில் எடுக்கும் ரத்தத்தில் குழந்தை எங்கே வந்தது?

கேள்வி: எனக்கு 36 வயது, 12-வது வாரம். டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் 180-க்கு 1 என்று வந்ததால் என்.ஐ.பி.டி. (தாயின் ரத்தத்தை வைத்துக் குழந்தையின் குரோமோசோம் கோளாறைத் தேடும் டெஸ்ட்) எடுக்கச் சொல்கிறார் டாக்டர். என் ரத்தத்தை வைத்துக் குழந்தையைப் பற்றி எப்படிச் சொல்வார்கள்? மூத்தவன் பையன், அவனுடைய டி.என்.ஏ. கலந்து குழப்பாதா?

- ஈரோடு வாசகி

பதில்: முதலில் அந்த 180-ஐப் பார்த்து மிரளாதீர்கள். இதே ரிசல்ட் வந்த 180 பேரில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் குறைபாடு) இருக்கலாம், மற்ற 179 பேருக்கு இல்லை, அவ்வளவுதான்.

கருவிலிருந்தே உருவாகும் நஞ்சுக்கொடியின் செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும், அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் உங்கள் ரத்தத்தில் வந்து மிதக்கும். இதை 1997-ல் உலகுக்குச் சொன்ன ஆராய்ச்சியாளர் டென்னிஸ் லோ, பிளாஸ்மாவிலிருந்து (ரத்தத்தின் நீர்ப்பகுதி) டி.என்.ஏ.வை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வேகவைப்பது போலக் கொதிக்க வைத்துத்தான் பார்த்தாராம்! ஆண் கருவைச் சுமந்த 30 பெண்களில் 24 பேரின் பிளாஸ்மாவில், ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோமின் துணுக்குகள் கிடைத்தன. தாயிடம் இல்லாத சரக்கு, குழந்தையிடமிருந்துதானே வந்திருக்க வேண்டும்?

இப்போது லேப்பில் லட்சக்கணக்கான துணுக்குகளை எண்ணுகிறார்கள். அதில் குழந்தையின் பங்கு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், 21-வது குரோமோசோம் கூடுதலாக உள்ள கருவில், அந்தக் குரோமோசோமின் 100 துணுக்கு வர வேண்டிய இடத்தில் 105 வரும். இந்த அஞ்சைப் பிடிப்பதுதான் மொத்த வித்தையும். பங்கு ரொம்பக் குறைவாக இருந்தால் ரிசல்ட்டே வராமல் போகலாம், உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு இது சகஜம், அப்போது பயப்படாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

மூத்தவன் பற்றிக் கவலையே வேண்டாம். அவனுடைய செல்கள் சில உங்கள் உடம்பில் வருஷக்கணக்கில் தங்கியிருக்கலாம்தான், ஆனால் மிதக்கும் துணுக்குகள் பிரசவம் ஆன ஓரிரு நாளிலேயே காணாமல் போயிருக்கும்.

லோ ரிஸ்க் என்று வந்தால் பெரும்பாலும் நிம்மதிதான். ஆனாலும் ஐந்தாம் மாத ஸ்கேனை விட்டுவிடாதீர்கள், இதயத்தில் இருக்கும் ஓட்டை இந்த டெஸ்ட்டில் தெரியாது. ஹை ரிஸ்க் என்று வந்தால்? அந்தத் துணுக்குகள் நஞ்சுக்கொடியுடையவை, சில சமயம் நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்தும் குழந்தை நன்றாக இருக்கும். அதனால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துப் பார்க்காமல் எந்த முடிவும் வேண்டாம், வீட்டில் யார் அவசரப்படுத்தினாலும் சரி.

அப்புறம், பையனா பொண்ணா என்பது ரிப்போர்ட்டில் இருக்காது. நம் நாட்டில் 1994 சட்டப்படி அதைச் சொல்வது குற்றம், அதனால் லேப் ஆளிடம் கேட்டு அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.